20 டன் பாட்டில் ஜாக்கில் பிரஸ்: பிரேம் அடிக்கும்போது செய்யக்கூடாதவை

பேரிங் கழற்ற, புஷ் ஏற்ற, வளைந்த ஷாஃப்டை நிமிர்த்த வீட்டுப் பட்டறையில் ஒரு பிரஸ் இருந்தால் பாதி வேலைக்கு வெளியே ஓட வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: 20 டன் ஜாக் வாங்கி, காயலான் கடையில் கிடைத்த சேனலை ('ப' வடிவ இரும்பு) கண்மதிப்பில் வெட்டி வெல்டு அடித்துவிடுகிறார்கள். 20 டன் என்றால் சுமார் 196 கிலோநியூட்டன். ஜாக் வேலைத்துண்டை அழுத்தும் அதே விசை பிரேமையும் மேலும் கீழுமாகப் பிய்க்கும். ஜாக் தாங்கும், பிரேம் தாங்குமா என்பதை இரும்பு வாங்கும் முன்பே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதல் தவறு 4 இஞ்சு சேனல். மேல் குறுக்குச் சட்டம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சேனல். கால்களுக்கு இடையே 500 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடுவில் சுமை விழும்போது சட்டத்தை வளைக்கும் அளவு = சுமை × நீளம் ÷ 4, அதாவது 24.5 கிலோநியூட்டன் மீட்டர். 4 இஞ்சு, அதாவது 100×50 சேனல் இரண்டு போட்டால் இரும்பில் ஏறும் தகைவு (ஒரு சதுர மி.மீ. தாங்க வேண்டிய விசை) சதுர மி.மீ.க்கு 320 நியூட்டனைத் தாண்டும். சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) 250-லேயே நிரந்தரமாக வளைந்துவிடும். 125×65 சேனலில் 185 அளவுக்கு வரும். தாங்கும், ஆனால் விளிம்பில் நிற்கிறது. 150×75 சேனல் இரண்டு போட்டால் 120-க்குள் அடங்கும். 20 டன்னுக்கு இதுதான் சரியான அளவு, மேல் சட்டத்துக்கும், வேலைத்துண்டு வைக்கும் கீழ் மேடைக்கும். கையில் 4 இஞ்சு சேனல்தான் இருக்கிறது என்றால் 10 டன் ஜாக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அகலத்தைக் கூட்டினால் தகைவும் அதே விகிதத்தில் கூடும் என்பதால், தேவையில்லாமல் 700, 800 மி.மீ. அகலம் வைக்காதீர்கள்.

அடுத்தது பலர் கவனிக்காத இடம்: ஜாக்கின் தலை முட்டும் தகடு. மேல் சட்டத்தின் இரண்டு சேனலுக்கும் நடுவே காலின் அளவுக்கு, சுமார் 100 மி.மீ., இடைவெளி இருக்கும். ஜாக்கின் தலை அதைவிடச் சிறியது. அது முட்டுவது சேனலில் அல்ல, இடைவெளியை மூடியிருக்கும் தகட்டின் நடுவில். 150 மி.மீ. அகலமுள்ள 25 மி.மீ. தகடு கனமாகத்தான் தெரியும். முழுச் சுமையில் அதுவும் கிண்ணம் போலக் குழியும். 40 மி.மீ. தகடு போடுங்கள். கிடைக்காவிட்டால் 20 மி.மீ. பட்டைகள் இரண்டை நிமிர்த்தி, ஒரு சேனலின் முதுகிலிருந்து மற்றதன் முதுகு வரை குறுக்காக வெல்டு செய்து, அதன் கீழே தகட்டை வையுங்கள். மேடையில் வேலைத்துண்டை வைக்கும் கட்டைகளுக்கும் இதே கணக்குதான்.

மேடையைத் தாங்க, காலின் துளையில் செருகும் பின்னில் (pin) இரண்டு தவறு நடக்கும். ஒன்று, 20 மி.மீ. எம்.எஸ். ராடு. ஒவ்வொரு காலிலும் ஒரு பின், ஒவ்வொன்றிலும் 10 டன். இரண்டு இடத்தில் வெட்டுப்படும் 20 மி.மீ. பின்னில் சதுர மி.மீ.க்கு 156 நியூட்டன் ஏறும், எம்.எஸ். வெட்டுவிசையில் ஏறக்குறைய 145-க்கே விட்டுக்கொடுக்கும். 25 மி.மீ. போட்டால் 100 ஆகிவிடும். இ.என்.8 (எம்.எஸ்.ஸைவிட வலுவான எஃகு) ராடாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, துளை. காலாக நிற்கும் சேனலின் விளிம்பு 7.5 மி.மீ. கனம்தான். பத்து முறை பலமாக அழுத்தியதும் வட்டத் துளை முட்டை வடிவமாகும், பின் சாயும், மேடை ஒருபக்கம் இறங்கும். துளை வரும் பாகத்தில் 10 மி.மீ. பட்டையை வெளிப்பக்கம் வெல்டு செய்து, பிறகு துளையிடுங்கள். கேஸ் கட்டரில் துளை போடாதீர்கள். டிரில் போட்ட துளையில்தான் பின் முழு அகலத்தில் உட்காரும்.

வெல்டிங்கில் பெரிய தவறு, காலை நிறுத்தி அதன் தலைமேல் சட்டத்தை வைத்துச் சுற்றி அடிப்பது. அப்படி அடித்தால் விசை முழுவதும் வெல்டைப் பிரிக்கும் திசையில் இழுக்கும். சட்டத்தின் சேனல்களைக் காலின் முன்னும் பின்னும் ஒட்டவைத்து, மேற்படியும் இடத்தின் செங்குத்து ஓரங்களில் 6 மி.மீ. வெல்டு அடியுங்கள். 7018 வெல்டிங் ராடு காய்ந்திருக்க வேண்டும். ஈர ராடில் வெல்டுக்குள் ஓட்டை விழும். முதலில் எல்லா இடத்திலும் டேக் (சிறு பொட்டு வெல்டு) மட்டும் அடித்து, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, வித்தியாசம் 2 மி.மீ.க்குள் வந்த பிறகே எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி முழு வெல்டு அடியுங்கள்.

பாட்டில் ஜாக்கைத் தலைகீழாக மாட்டாதீர்கள். பம்பு எண்ணெயை உறிஞ்சும் வழி அடியில் இருப்பதால், கவிழ்த்தால் காற்றைத்தான் இழுக்கும். ஜாக்கை மிதவைத் தட்டில் (கால்களுக்கு இடையே மேலும் கீழும் நகரும் தட்டு) நேராக நிறுத்தி, தலை மேல் சட்டத்தில் முட்டும்படி அமைத்தால் தட்டுதான் இறங்கி அழுத்தும். தட்டின் வழிகாட்டிகளுக்கும் காலுக்கும் இடைவெளி 1 மி.மீ. போதும். 4, 5 மி.மீ. ஆட்டம் இருந்தால் தட்டு சாய்ந்து, ஜாக்கின் தண்டு பக்கவாட்டில் உரசி, சீல் கிழியும். தட்டைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் இரண்டும் ஜாக், தட்டு இரண்டின் எடையையும் தூக்கி, எண்ணெயையும் திரும்பத் தள்ள வேண்டும். ஜாக் நகராமல் இருக்க அதன் அடியைச் சுற்றித் தட்டில் பைப் வளையம் வெல்டு செய்யலாம். ஜாக்கிலேயே வெல்டு பட்டால் சீல் கருகும்.

எண்ணெய் குறைந்தால் 32 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெடும். கசிவு தெரிந்தால் அழுத்தம் இருக்கும்போது விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும்; வலி பெரிதாக இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

அழுத்தும்போது இடையில் பழைய அரம், சாக்கெட், உடைந்த பேரிங் வளையம் எதையும் வைக்காதீர்கள். கடினப்படுத்திய இரும்பு வளையாது, தெறிக்கும். எம்.எஸ். துண்டுகளை லேத்தில் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டில் ஏற்றும்போது பேரிங்கின் உள் வளையத்தை, ஹவுசிங்கில் ஏற்றும்போது வெளி வளையத்தை அழுத்த வேண்டும். முன்னால் 6 மி.மீ. பாலிகார்பனேட் தகடு மாட்டுங்கள். அக்ரிலிக் உடைந்து அதுவே உங்கள்மேல் பாயும்.

முதல் சோதனைக்கு மேடை நடுவில் கனமான எம்.எஸ். கட்டையை வைத்து, பக்கத்தில் நின்று, படிப்படியாக அழுத்துங்கள். ஒவ்வொரு படிக்குப் பிறகும் அழுத்தத்தை விட்டுவிட்டு, சட்டத்தின் அடியில் நேரான இரும்பு ஸ்கேலை ஒட்டவைத்துப் பாருங்கள். புதிதாக வெளிச்சம் ஊடுருவினால் சட்டம் நிரந்தரமாக வளைந்திருக்கிறது. அதே ஜாக்கோடு தொடராதீர்கள். பின்களையும் உருவி, சமதளத் தகட்டில் உருட்டிப் பாருங்கள்.