நொஷ்க் கற்கத் தமிழ் நாக்கு போதும்

நோர்வேக்கு வரும் நம்மவர்களுக்கு ஏற்கெனவே இரண்டு மூன்று மொழிகள் தெரிந்திருக்கும். அங்கே பேசும் நொஷ்க், அதாவது நோர்வேஜிய மொழியைக் கற்கப் பெரும்பாலும் ஆங்கிலத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். சொற்களுக்கு அது உதவும். ஹூஸ் என்றால் வீடு, பூக் என்றால் புத்தகம். உச்சரிப்புக்குத் தமிழையே நம்புங்கள்.

ஒஸ்லோப் பக்கப் பேச்சில் 'ர்'-ஐ அடுத்து 'ந்', 'ல்', 'த்', 'ஸ்' வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். குழந்தைக்கு 'பார்ன்' என்று எழுதுவார்கள், வாயில் வருவது 'பாண்'. நம் 'ண்' அப்படியே! நாக்கை மடிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குறில் நெடிலும் அப்படித்தான்: 'தாக்' கூரை, 'தக்' நன்றி. ஒய் எழுத்தின் ஒலிதான் புதிது. 'ஈ' சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்துப் பாருங்கள்.

வினைச்சொல் நிம்மதி தரும். நான், நீ, அவள், அவர்கள் என யாருக்கும் ஒரே வடிவம். ஆனால் அதன் இடம் கறாரானது: சாதாரண வாக்கியத்தில் இரண்டாவதாகவே நிற்கும். 'இ டாக்' (இன்று) என்று தொடங்கினால் அடுத்தது வினை, அப்புறம்தான் 'நான்': 'இ டாக் யொபெர் யை' (இன்று நான் வேலை செய்கிறேன்). ஆங்கிலப் பழக்கத்தில் 'இ டாக் யை யொபெர்' என்று வந்துவிடும். ஜெர்மன் தெரிந்தவர்களுக்கு இது சுலபம்.

மேலாளர், மருத்துவர், பக்கத்து வீட்டுப் பெரியவர் எல்லோரும் 'டூ' (நீ)தான். நமக்குக் கூசும். அங்கே அது மரியாதைக் குறைவே இல்லை, தயங்காமல் சொல்லுங்கள்.

உண்மையான தடை வேறு. நீங்கள் சற்றுத் தடுமாறினாலே கடைக்காரர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அன்பினால்தான் செய்கிறார், ஆனால் உங்கள் பயிற்சி அங்கேயே நின்றுவிடும். 'கன் வி ஸ்னக்கெ நொஷ்க்?' (நொஷ்க்கில் பேசலாமா?) என்று கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நொஷ்க்குக்குத் திரும்பி வருவார்கள். பல ஊர் நூலகங்களில் இலவச மொழிக் கஃபே (கூடிப் பேசிப் பழகும் சந்திப்பு) நடக்கிறது. அங்கே யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

பெர்கன் போனால் 'யை' என்பது 'எக்' ஆகிவிடும், 'ர்' தொண்டையில் உருளும், 'பாண்' வித்தையும் அங்கே செல்லாது. பயப்படாதீர்கள், எந்த ஊரில் வாழ்கிறீர்களோ அந்தப் பேச்சைக் காதில் ஏற்றுங்கள்.

இலவச வகுப்பு கிடைக்குமா என்பது உங்கள் அனுமதி வகையைப் பொறுத்தது. வந்த உடனே கொம்யூனில் (உள்ளூர் நகராட்சியில்) கேட்டுவிடுங்கள். 2022 அக்டோபர் முதல் குடியுரிமைக்குப் பேச்சுத் தேர்வில் பி1 நிலை (இடைநிலைத் தேர்ச்சி) வேண்டும். அந்தத் தேர்வில் இன்னொரு தேர்வரோடும் உரையாட வேண்டியிருக்கும். ஆகவே தனியாகப் படிக்காமல், தமிழ் தெரியாத ஒருவரோடு வாரந்தோறும் பேசிப் பழகுங்கள்.