கைக்குழந்தையோடு பூங்காவுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியதும் நமக்கு ஓர் அவசரம் வந்துவிடுகிறது. காலையில் பினாங்கு தாவரவியல் பூங்கா, மதியம் தெலுக் பகாங்கில் எண்டோபியா பட்டாம்பூச்சித் தோட்டம், சாயங்காலம் கொடிமலை ரயில் என்று எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் என் மகளை அலைய வைத்தேன். பட்டாம்பூச்சிகள் பறந்து வந்தபோது அவள் களைத்துப்போய் கண்ணைக் கசக்கி அழுதுகொண்டிருந்தாள். அந்த முகம் இன்னும் மனசில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஓர் இடம், அதிலும் ஒரு மணி நேரம் போதும். பிள்ளை தூங்குகிற நேரத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

அடுத்த முறை பூங்காவுக்கு மட்டும் போனோம். நாகலிங்க மரம் அடிமரத்திலேயே பூக்கும். அதனால் பிள்ளையின் கண்ணுக்கு எட்டும். கீழே கிடந்த பூ ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்தாள், தடித்த இதழைப் பிய்த்தாள், உள்ளே சீப்புப் பல் மாதிரி இருப்பதை விரலால் நீவினாள். கால் மணி நேரம் அங்கேயே. "வாம்மா, குரங்கு பார்க்கலாம்" என்று அப்போது இழுத்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். "இது என்ன கலர்?" என்று பரீட்சை வைப்பதும் வேண்டாம். "பூ, வாசமா இருக்கு, மெத்துனு இருக்கு" என்று நம் தமிழில் பேசிக்கொண்டே இருங்கள். ஆனால் அந்த மரத்தடியில் மட்டும் பாய் விரிக்காதீர்கள். காய்கள் பீரங்கிக் குண்டு போல கனமானவை, சொல்லாமல் விழும்.

குரங்கு இருக்கும் இடத்தில் பிள்ளை கையில் பிஸ்கட் கூடாது. பறிக்க வரும்போது நகம் பட்டுவிடும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள கருங்குரங்கின் குட்டி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். தூரத்தில் நின்று காட்டுங்கள்.

வெயிலுக்குப் பயந்து தள்ளுவண்டியைத் துணியால் மூடுவதை நிறைய பேர் செய்கிறார்கள். பாட்டிமார் பாசத்தில் செய்வது, எனக்கும் புரிகிறது. ஆனால் காற்று உள்ளே போகாமல் வண்டி அடுப்பாகிவிடும். காலையில் சீக்கிரமே போய், பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சன்ஸ்கிரீனை விட நிழலும் மெல்லிய முழுக்கைச் சட்டையும்தான் நல்லது. அந்த வயதில் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள், பாலையே அடிக்கடி கொடுங்கள். டிங்கி பயம் இருக்கிற ஊர் இது. வண்டிக்குக் கொசுவலை போடுங்கள்.

"பக்கத்துலதானே" என்று காரில் மடியில் வைத்துக்கொள்வது பெரிய தவறு. 2020 முதல் காரில் குழந்தை இருக்கை இங்கே மலேசியாவில் சட்டப்படி கட்டாயம்.

பார்த்த இடத்துக்கே மறுபடி எதற்கு என்றும் நினைக்காதீர்கள். மூன்றாம் முறை போனபோது என் மகள் என் கையை விட்டுவிட்டு நேரே அந்த மரத்துக்கு நடந்தாள். குனிந்து தரையில் பூவைத் தேடினாள்.