ஊர்க்கோயிலில் சமய மாற்றத்தை அளந்து எழுதும் முறை

ஓர் ஊரின் சமயம் எப்போது, எப்படி மாறியது என்பதைச் சாமியின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெயர் எளிதில் மாறும். சுவரும் வாசலும் கூட்டம் நிற்கும் இடமும் மெதுவாகத்தான் மாறும். அமெரிக்கத் தென்மேற்கில் எழுத்து விட்டுப்போகாத, புவெப்லோ என்னும் பழங்குடி மக்களின் முன்னோரது சமயத்தை ஆய்வாளர்கள் இவற்றைக் கொண்டுதான் படித்தார்கள். கல்வெட்டு மலிந்த செட்டிநாட்டில் அந்த முறை இன்னும் நன்றாகப் பலிக்கும்.

முதலில் பூசாரியிடமும் கோயில் நிர்வாகத்திடமும் கேளுங்கள். ஹோப்பி, ஸூனி போன்ற இன்றைய புவெப்லோ மக்கள் தங்கள் சடங்குப் பொருள்கள் காட்சிக்கு வருவதை ஏற்பதில்லை. நம் ஊரிலும் படமெடுக்கக்கூடாத சன்னதி உண்டு. அங்கே வெளி அளவு போதும்.

30 மீட்டர் நாடா, திசைகாட்டி, கட்டம் போட்ட தாள் எடுத்துக்கொண்டு, 1 மீட்டருக்கு 1 செ.மீ. என்று தரைப்படம் வரையுங்கள். கருவறையைவிட மக்கள் நிற்கும் இடத்தைக் கவனமாக அளக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 2 பேர் என்று வைத்தால் எத்தனை பேர் கூடியிருக்க முடியும் என்று தோராயமாகத் தெரியும். புவெப்லோ முன்னோர் வாழ்ந்த சாக்கோ பள்ளத்தாக்கின் காசா ரிங்கோனாடா என்னும் பெருங்கிவா, சுமார் 19 மீட்டர் குறுக்களவுள்ள வட்டமான சடங்குக்கூடம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் புவெப்லோ நாட்டின் வடபகுதி மக்கள் தெற்கே நகர்ந்தார்கள். 14ஆம் நூற்றாண்டு ஊர்களில் வீடுகள் பெரிய திறந்த முற்றத்தைச் சுற்றி அமைந்தன. பானையிலும் பாறையிலும் கிவாச் சுவர் ஓவியத்திலும் கச்சினா என்னும் ஆவித் தெய்வங்களின் முகமூடி உருவங்கள் பெருகின. உருவமும் கூடும் இடமும் சேர்ந்து மாறியதால்தான் அந்த மாற்றத்தை உறுதியாகப் பேச முடிகிறது. ஒன்று மட்டும் மாறியிருந்தால் அவசரப்படாதீர்கள்.

அடுத்தது முன்பின் வரிசை. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டு சுவர் சந்திக்கும் மூலையைப் பாருங்கள். கற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் பெரும்பாலும் ஒரே காலத்து வேலை. ஒரு சுவர் மற்றதன் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வந்து முட்டினால், முட்டும் சுவர் பிந்தியது. ஒவ்வொரு மூலைக்கும் எண் கொடுத்து "3, 2இன் மேல் முட்டுகிறது" என்று அங்கேயே எழுதிவிடுங்கள்; வீட்டுக்கு வந்து எழுதினால் குழம்பும்.

கல்வெட்டில் பலர் ஏமாறுவார்கள். எழுத்தின் காலம் சுவரின் காலம் அல்ல. வரி பாதியில் அறுந்தாலும், எழுத்து தலைகீழாக இருந்தாலும், அது பெரும்பாலும் திருப்பணியில் மறுபடி வைத்த கல். புவெப்லோ ஆய்வில் உத்தரத்தின் மரவளையத்தைக் கொண்டு மரம் வெட்டிய ஆண்டைக் கணிப்பதற்கும் இதே சிக்கல்: பழைய உத்தரத்தைப் புது வீட்டில் போட்டிருப்பார்கள். எழுத்துக்கு மேல் எழுத்தும் உண்டு. திருமயம் குடைவரையில் பழைய இசைக் கல்வெட்டின் பெரும்பகுதியைச் செதுக்கி அழித்து, சைவ வைணவ வழக்கைத் தீர்த்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டை வெட்டியிருக்கிறார்கள். அழிந்த வரியையும் இடம்விட்டுப் பதியுங்கள். அழித்ததே ஒரு சான்று.

எழுத்து தெரிய மைதா மாவோ சுண்ணாம்போ பூசவே கூடாது. மாவுக்குப் பூச்சியும் பூஞ்சையும் வரும். சுண்ணாம்பு எழுத்துக் குழிக்குள் தங்கிவிடும். கம்பி பிரஷும் அமிலமும் கல்லைத் தின்னும். இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்து, நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். எந்த மாவும் காட்டாத கோடு அதில் தெரியும்.

உடைந்தது, எரிந்தது, கைவிட்டது எல்லாவற்றையும் பகை என்று எழுதுவது பெரும் பிழை. பல கிவாக்களின் கூரை எரிந்து கிடக்கிறது. எரிந்த உத்தரம் நேராகத் தரையில் கிடக்கிறதா, இடையில் காற்று கொண்டுவந்த மணல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். மணல் இருந்தால் ஆள் போய் நெடுநாள் கழித்து எரிந்தது. மணல் இல்லாமல், தரையும் துடைத்தாற்போல் காலியாக இருந்தால், முறைப்படி மூடி எரித்திருக்க வாய்ப்பு அதிகம். மண் மூடிய கூரை தற்செயலாக எளிதில் பற்றாது. நமக்குப் பாலாலயம் தெரியும்: சாமியை முறையாக வேறிடம் மாற்றிவிட்டுத்தான் கோயிலைப் பிரிப்பார்கள். பின்னமான சிலையைக் குளத்தில் விடுவதும் மரத்தடியில் வைப்பதும் வழக்கம். அய்யனார் கோயிலில் சிதைந்து கிடக்கும் பழைய மண் குதிரை வழிபாடு நின்றதைக் காட்டாது. பக்கத்திலேயே புரவி எடுப்பில் வந்த புதுக் குதிரை நிற்கும்.

ஒரு வழிபாடு வந்தால் இன்னொன்று போய்விட்டது என்றும் எண்ண வேண்டாம். குன்றக்குடி மலையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள குகைத்தளமும், பாண்டியர் காலக் குடைவரைகளும், இன்றைய முருகன் கோயிலும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் போகும் பாதையையும் படியின் தேய்மானத்தையும் தனித்தனியே குறியுங்கள்.

தோண்டக்கூடாது. கண்மாய்க் கரையிலோ செம்மண் ஓடையிலோ முதுமக்கள் தாழியின் விளிம்பு தெரிந்தால் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். தாழியைத் தூக்கிவிட்டால் அதன் கீழும் பக்கமும் இருந்த மண்ணின் வரிசை கலைந்துவிடும். காலம் சொல்வது அந்த வரிசைதான். தரைப்படம், மூலைப் பட்டியல், தேதி போட்ட படங்கள் ஆகியவற்றில் ஒரு பிரதியைக் கோயிலிலும், இன்னொன்றைப் புதுக்கோட்டை அல்லது சிவகங்கை அரசு அருங்காட்சியகத்திலும் கொடுங்கள். அடுத்த திருப்பணி தொடங்கும் முன் கொடுத்துவிட வேண்டும்.