தோவாளையில் நான்கு மணிக்குப் போட்ட பில்

சிறிய மென்பொருள் எழுதத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தத் தரவுத்தளம் நல்லது அண்ணா?" என்பதுதான். பதிலுக்கு நான் மூன்று கேள்வி கேட்பேன். ஒரே நேரத்தில் எத்தனை பேர் எழுதப் போகிறார்கள்? அவர்கள் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்களா, ஊர் தாண்டி இருக்கிறார்களா? நீ வெளியூர் போயிருக்கும் நாளில் கரண்ட் போய் வந்து, நிரல் திறக்காமல் அடம் பிடித்தால் யார் பார்ப்பார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் தரவுத்தளத்தின் பெயர் தானாக வந்துவிடும்.

நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு பதிமூன்று ஆண்டுகளாகக் கடைகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். தோவாளையில் பூக்கடை, குலசேகரம் பக்கம் ரப்பர் வியாபாரி, மார்த்தாண்டத்தில் தேன் வாங்கி விற்பவர், கருங்கல் பக்கம் ஓர் அண்டி ஆபீஸ் (வெளியூர்க்காரர்கள் முந்திரித் தொழிற்சாலை என்பார்கள்). இப்படிப்பட்ட வேலைகளில் பத்தில் எட்டுக்கு எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் போதும். 2000ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹிப் வெளியிட்டது. தனியாக ஒரு சர்வர் ஓடாது. உங்கள் நிரலுக்குள்ளேயே அது இருக்கும், தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும். ஆண்ட்ராய்டு போன்களில் முன்பே இருப்பதால், கடைக்காரர் தமக்குத் தெரியாமலே அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறார்.

ஆனால் அதை நிறுவுவதற்கு முன் கடைக்காரரின் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய வியாபாரிகளிடம் இரண்டு இருக்கும். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது நாள்வழி. அதையே ஆள் வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. உங்கள் முக்கிய அட்டவணை நாள்வழிதான். பேரேட்டைத் தனியாகச் சேமிக்க வேண்டாம், நாள்வழியிலிருந்து ஒரு வினவலில் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) எடுத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் அட்டவணையில் 'பாக்கி' என்று ஒரு கட்டம் வைத்து, பில்லுக்குப் பில் கூட்டிக் கழிக்கிறவர்கள் உண்டு. நானும் செய்திருக்கிறேன். ஆறு மாதத்தில் அந்தக் கட்டம் ஒரு தொகை சொல்லும், பில்களைக் கூட்டினால் வேறு தொகை வரும். எது சரி என்று சொல்ல ஆள் இருக்காது. தவறாகப் போட்ட வரியையும் அழிக்காதீர்கள். நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு, கீழே எதிர்ப்பதிவு எழுதுகிறார்களே, அதேதான் இங்கேயும்.

ஆளை அடையாளம் காண்பதற்குப் பெயர் உதவாது. ரப்பர் கடையில் ஒரே பெயரில் நான்கு பேர் ரப்பர் பால் கொண்டுவருகிறார்கள். வியாபாரி ஒருவரை வீட்டுப் பெயராலும், இன்னொருவரை அவர் குடியிருக்கும் 'விளை'யாலும் (ஊர்ப்பகுதி), மூன்றாமவரை அவருடைய பழைய ஸ்கூட்டராலும் பிரித்தறிகிறார். போன் எண்ணும் சரிப்படாது, சிம் மாறும். வெறும் வரிசை எண்ணைச் சாவியாக, அதாவது ஆளின் அடையாளமாகக் கொடுத்துவிட்டு, வீட்டுப் பெயருக்கு ஒரு கட்டம் வையுங்கள். கடற்கரை ஊர்களுக்கு எழுதுகிறீர்கள் என்றால் இன்னொன்றும் உண்டு. டிகுரூஸ் என்ற குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு மேற்குறி வரும். பெயரை வினவலின் எழுத்துகளோடேயே ஒட்டித் தயாரிக்கிற நிரல், அந்தக் குறியைப் பெயரின் முடிவு என்று எடுத்துக்கொண்டு உடைந்து விழும். பெயர், தொகை போன்ற மதிப்புகளை வினவலோடு ஒட்டாமல் எப்போதும் தனி அளவுருவாகவே (பாராமீட்டர்) அனுப்புங்கள். வினவலுக்குள் தன் கட்டளையை நுழைக்கப் பார்க்கும் திருடனுக்காகச் செய்ய வேண்டிய ஏற்பாடு இது. எனக்கு இதைக் கற்றுத்தந்தது ஒரு மீன் வியாபாரியின் பெயர்.

விலையைப் பொருள் அட்டவணையில் மட்டும் வைப்பது அடுத்த பொறி. ஓணம் நெருங்கினால் தோவாளையில் பிச்சிப்பூவின் விலை காலையில் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. விலையை மாற்றியதும் பழைய பில்களின் தொகையும் சேர்ந்து மாறினால் நீங்கள் எழுதியது கணக்கே இல்லை. விற்ற நேரத்து விலையைப் பில்லின் ஒவ்வொரு வரியிலும் எழுதி வையுங்கள்.

பணத்தைப் பைசாவாகவும் எடையைக் கிராமாகவும் முழு எண்ணில் வையுங்கள். கணினி பின்னங்களை வைக்கும் மிதவைப் புள்ளி எண்ணில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, கடைசியில் ஒரு தூசி ஒட்டிக்கொண்டு வரும். ரப்பர் பாலில் இது உடனே தெரியும். ஒருவர் 18.6 கிலோ பால் ஊற்றுகிறார். அதில் உலர் ரப்பரின் அளவு, இங்கே எல்லோரும் டி.ஆர்.சி. என்பார்கள், 34 சதவீதம். உலர் எடை 6.324 கிலோ. கிலோ 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1138 ரூபாய் 32 பைசா. எடையை 6.3 என்று முதலிலேயே சுருக்கிவிட்டால் 1134 ரூபாய். நாலு ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள், பால் ஊற்றுகிறவர் கணக்கை மனத்திலேயே போட்டுவிட்டு வந்து நிற்பார். எங்கே சுருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் வியாபாரி, நிரல் எழுதுகிறவர் அல்ல. கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இனி தலைப்பில் சொன்ன பில். தோவாளைச் சந்தை விடியும் முன்பே சூடு பிடித்துவிடும். நான் எழுதிக் கொடுத்த முதல் மென்பொருளில் பூக்கடை அக்கா முதல் வாரத்திலேயே ஒரு புகார் சொன்னார்: "தம்பி, பாதி வியாபாரம் நேற்றைய கணக்கில் போய் உட்காருகிறது." நான் நம்பவில்லை. அவர் பில்களை எடுத்துப் பரப்பினார். காலை ஐந்தரைக்கு முன் போட்டவை எல்லாம் முந்தைய நாள், ஐந்தரைக்குப் பின் போட்டவை சரியான நாள். அந்த ஐந்தரையைக் கேட்டதும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. 'இப்போது என்ன நேரம்' என்று எஸ்கியூலைட்டைக் கேட்டால் அது உலகப் பொது நேரத்தைத் தருகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. அதிகாலை நான்கு மணி பில், அதன் கணக்குப்படி முந்தைய இரவு பத்தரை. பத்து மணிக்குக் கடை திறக்கும் ஜவுளிக்கடையாக இருந்திருந்தால் இந்தப் பிழை ஆயுள் முழுக்க வெளியே வந்திருக்காது.

அன்றிலிருந்து இரண்டு கட்டங்கள் வைக்கிறேன். ஒன்று, பில் பதிவான நேரம், பொது நேரத்திலேயே. இன்னொன்று 'கணக்கு நாள்', ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில், அப்படி எழுதினால்தான் தேதிகள் ஒழுங்காக அடுக்கும். கணக்கு நாள் எப்போது மாறுகிறது என்பதைக் கடைக்காரர் சொல்ல வேண்டும். நள்ளிரவு ஒன்றரைக்குச் சரக்கு இறக்குகிறவருக்கு நாள் பன்னிரண்டு மணிக்கு மாறுவதில்லை.

தமிழில் பெயர் சேமிப்பதில் இரண்டு தொல்லைகள். கொல்லங்கோடு என்ற ஊரின் முதல் எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. சேமிக்கும் முன் யூனிகோடு இயல்பாக்கம் (இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்குவது) செய்துவிட்டால் இது தீரும். கௌரி என்பதைக் கெளரி என்று ளகரம் போட்டு அடிப்பவர்களுக்கு அதுவும் பயன்படாது, நீங்களே ஒரு விதி எழுத வேண்டும். அடுத்தது அகரவரிசை. குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கினால் கனகமூலம் முதலிலும் கன்னியாகுமரி பின்னாலும் வரும். அகராதியில் இது தலைகீழ். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் தமிழுக்கான அடுக்குமுறையைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. எஸ்கியூலைட்டில் அடுக்கும் விதியை உங்கள் நிரல்தான் கொடுக்க வேண்டும்.

எஸ்கியூலைட்டின் இரண்டு பழக்கங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அட்டவணைகளுக்கு இடையிலான அயல்சாவிக் கட்டுப்பாடு (பட்டியலில் இல்லாத வாடிக்கையாளருக்குப் பில் போட விடாதது) இயல்பாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் நீங்கள் இயக்க வேண்டும். எண் கட்டத்தில் 'பன்னிரண்டு' என்று எழுத்தில் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். 2021இல் வந்த கண்டிப்பான அட்டவணை வகையைப் பயன்படுத்தினால் மறுக்கும். பில்லின் தலைப்பும் வரிகளும் ஒரே பரிவர்த்தனைக்குள் (எல்லாம் பதிவாகும், இல்லையென்றால் எதுவுமே பதிவாகாது) போக வேண்டும் என்பது எந்தத் தரவுத்தளத்துக்கும் பொது. பாதி பில் என்று ஒன்று கிடையாது.

எஸ்கியூலைட் எப்போது போதாது? ரப்பர் கடையில் இரண்டாவது கணினி வந்தபோது, கோப்பைப் பகிர்வு அடைவில் (இரண்டுக்கும் பொதுவான ஃபோல்டர்) வைத்து இரண்டிலிருந்தும் திறக்கச் செய்தேன். செய்யக்கூடாத வேலை. ஒருவர் எழுதும்போது மற்றவரைத் தடுக்கும் கோப்புப் பூட்டு, பிணையம் வழியாக எல்லா இடத்திலும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. முதலில் 'பூட்டப்பட்டுள்ளது' என்ற செய்தி வந்தது, மூன்றாம் வாரம் கோப்பே சிதைந்தது. இரண்டு கணினியிலிருந்து எழுத வேண்டும் என்றால் இடையில் ஒரு சர்வர் வேண்டும். அதற்கு என் தேர்வு போஸ்ட்கிரெஸ். 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலையின் வாரிசு அது. தவறான தரவை முகத்துக்கு நேராகத் திருப்பி அனுப்பும் குணம் எனக்குப் பிடிக்கும். மைஎஸ்கியூஎல் ஏற்கெனவே தெரிந்தவர்கள் அதிலேயே இருக்கலாம், குற்றமில்லை. அட்டவணை இல்லாமல் ஆவணம் ஆவணமாகச் சேமிக்கும் மோங்கோ பற்றிக் கேட்பவர்களிடம், உங்கள் கடைக்காரரின் நோட்டில் கட்டம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள் என்பேன். போட்டிருந்தால் அட்டவணைதான்.

அண்டி ஆபீஸுக்கு மூன்று கிளைகள், அதனால் போஸ்ட்கிரெஸ். ரப்பர் வியாபாரிக்குப் பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு வாங்குமிடம் உண்டு, அங்கே போன் சிக்னல் தன் இஷ்டத்துக்கு வரும். அங்குள்ள போன் எஸ்கியூலைட்டில் எழுதிக்கொள்கிறது, சிக்னல் கிடைத்ததும் கடையின் சர்வருக்கு அனுப்புகிறது. பில் எண் மோதாமல் இருக்க ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எழுத்தை முன்னால் சேர்த்தோம். அவ்வளவுதான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

காப்பு நகலைக் கடைசியில் சொல்கிறேன் என்றாலும் முதல் நாளே செய்யுங்கள். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டம் முழுக்க மரமும் மின்கம்பமும் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டு. ஒரு கடையில் ஓடு பறந்து கணினி நனைந்துபோனது. பையன் தினமும் இரவு கோப்பைப் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தான். கெட்டிக்காரன். ஆனால் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதன்மைக் கோப்பை மட்டும் எடுத்திருக்கிறான். நான் முன்னெழுத்துப் பதிவு முறையை இயக்கி வைத்திருந்தேன். அந்த முறையில் புதிய மாற்றங்கள் முதலில் பக்கத்தில் உள்ள இன்னொரு கோப்பில் சேரும், அது ஏறக்குறைய ஆயிரம் பக்கம் ஆன பிறகோ நிரலை மூடும்போதோதான் முதன்மைக் கோப்புக்குள் போகும். நிரலை அவர்கள் மூடுவதே இல்லை. கடைசி ஒன்றரை நாள் பில்கள் பென்டிரைவில் இல்லை. பையன் மேல் தவறில்லை, நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஓடும் கோப்பை வெறுமனே நகலெடுக்காமல், எஸ்கியூலைட்டிலேயே உள்ள பேக்கப் கட்டளையால் எடுங்கள். போஸ்ட்கிரெஸுக்கு, தரவை ஒரு கோப்பாகக் கொட்டித் தரும் அதன் டம்ப் கருவி. இரவில் தானாக ஓடட்டும், ஒரு நகல் கடைக்கு வெளியே போகட்டும். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாக் கடைகளின் நகலையும் என் பழைய மடிக்கணினியில் விரித்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் போன் போடுகிறேன். "அக்கா, நேற்றுக் கடைசியாகப் போட்ட பில் எவ்வளவு?" பூக்கடை அக்கா திரையைப் பார்த்துச் சொல்வதில்லை. மேசைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து, எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டும் சத்தம் போனில் கேட்கும். பிறகு தொகையைச் சொல்வார். என் திரையில் உள்ளதோடு ஒத்துப்போனால் அடுத்த கடைக்கு அடிப்பேன்.