தெருச்செடிகளைத் துணியில் நீல அச்சாகப் பதித்தல்: அக்கம்பக்கத்தார் சேர்ந்து செய்யும் முறை

குடியிருப்புப் பகுதியின் இயற்கையைக் கலையாக்க வேண்டும் என்றதும் பலருக்கு முதலில் சுவரோவியம்தான் நினைவுக்கு வரும். அதில் ஒருவர் வரைய மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதே பெரும்பாலும் நடக்கிறது. வரையப்படும் பறவையும் எங்கோ எடுத்த புகைப்படத்திலிருந்து வந்ததாகவே இருக்கும். இங்கே விளக்கப்படும் சயனோடைப் முறையில், வெயில் பட்டால் நீலமாகும் கரைசலைத் துணியில் பூசி, அதன்மேல் செடியை வைத்து, செடியின் வடிவத்தை நீலத்தின் நடுவே வெள்ளையாகப் பதிக்கிறோம். இதற்கு வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கலந்துகொள்ளும் ஒவ்வொருவரும் தம் தெருவில் குனிந்து ஒரு செடியையாவது உற்றுப் பார்த்தாக வேண்டும். ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த இம்முறையைக் கடற்பாசிகளைப் பதிவு செய்வதற்காகத் தாவரவியலாளர் ஆனா அட்கின்ஸ் 1843லேயே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்.

1. துணியும் கரைசலும்

கலப்பில்லாத பருத்தித் துணியை வாங்கி, கஞ்சி முழுவதும் போகும்படி துவைத்துக் காயவைத்து, ஆளுக்கு ஒன்றாக 25 செ.மீ. சதுரங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். பாலியெஸ்டரில் நிறம் நிற்காது.

இரண்டு ரசாயனங்கள் போதும். 100 மி.லி. தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டையும், வேறொரு பாத்திரத்தில் 100 மி.லி. தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடையும் கரைத்துத் தனித்தனிப் புட்டிகளில் இருட்டில் வையுங்கள். பயன்படுத்தும் வேளையில் இரண்டையும் சம அளவில் கலக்க வேண்டும். கலந்தது அன்றைக்கே தீர வேண்டும். கையுறை கட்டாயம். இதற்குச் சமையல் பாத்திரங்களைப் பயன்படுத்தாதீர்கள். ஃபெர்ரிசயனைடுடன் வலுவான அமிலம் சேர்ந்தால் நச்சு வாயு வெளிவரக்கூடும் என்பதால், கழிவறை கழுவும் அமிலம் போன்றவை அந்த இடத்தில் இருக்கவே கூடாது. கலக்கும் வேலை பெரியவர்களுடையது. சிறுவர்களுக்கு வேறு வேலைகள் நிறைய இருக்கின்றன.

2. செடி தேடும் நடை

இதுதான் முழு முயற்சியின் உயிர், அவசரப்படுத்தாதீர்கள். அச்சிடுவதற்கு முந்தைய நாள் மாலையில் எல்லோரும் சேர்ந்து தெருவை மெதுவாக நடந்து பாருங்கள். யாரோ நட்டு நீரூற்றும் அலங்காரச் செடிகளை விட்டுவிட்டு, நடைபாதை விரிசலிலும் விளக்குக் கம்பத்தின் அடியிலும் வடிகால் ஓரத்திலும் தானாக முளைத்தவற்றைத் தேடச் சொல்லுங்கள். ‘இங்கே என்ன இருக்கிறது, வெறும் புல்தானே’ என்று யாராவது சொல்வார்கள். அவரிடமே ஓர் அருகம்புல் கதிரைக் கொடுத்து, ஒரே காம்பின் நுனியிலிருந்து விரல்கள்போல் எத்தனை பிரிகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள்.

பூச்சி அரித்த இலையை ஒதுக்க வேண்டாம். என்னைக் கேட்டால் அதுதான் முதல் தரம். ஓட்டையின் வழியாக வெயில் இறங்குவதால், வெள்ளை இலைக்குள் ஒவ்வொரு ஓட்டையும் நீலப்புள்ளியாகப் பதியும். இலையின் உட்பகுதியைத் தின்றுகொண்டே சென்ற சிறு புழுவின் வளைந்த தடம்கூட வெளிர்நீலக் கோடாகத் தெரியக்கூடும்.

நிறைய இருக்கும் செடியிலிருந்து மட்டும் பறியுங்கள். ஒன்றே ஒன்று நின்றால் உதிர்ந்த இலை போதும். பார்த்தீனியம் போலத் தோலில் அரிப்பு உண்டாக்குபவற்றை விலக்குங்கள். சில நாடுகளில் காட்டுப்பறவைகளின் இறகை எடுத்து வைத்திருப்பதற்கே சட்டத்தடை இருப்பதால், உள்ளூர் விதி தெரியாமல் இறகு சேகரிக்க வேண்டாம். எடுத்த இடத்தையும், தெரிந்தால் பெயரையும் சீட்டில் எழுதி, செடியுடன் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து இரவு முழுவதும் கனமான பொருளால் அழுத்துங்கள். தட்டையாகாத செடியின் விளிம்பு அச்சில் மங்கிவிடும்.

3. பூசுதல்

அன்றிரவே, வெயில் படாத அறையில் மங்கலான மஞ்சள் விளக்கில், கலவையைத் தூரிகையால் சீராகப் பூசி இருட்டில் உலரவிடுங்கள். துணி இளம் மஞ்சள்பச்சையாக இருக்க வேண்டும். இப்போதே நீலம் தெரிந்தால் வெளிச்சம் பட்டுவிட்டது என்று பொருள்.

4. வெயிலில் வைத்தல்

அட்டையின் மேல் துணி, துணியின் மேல் செடி, அதன் மேல் கண்ணாடி என்று அடுக்கிக் கவ்விகளால் இறுக்குங்கள். நண்பகல் வெயிலில் பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடம் போதும். மேகமூட்டத்தில் இன்னும் நெடுநேரம் ஆகும். கடிகாரத்தைவிட நிறத்தை நம்புவது நல்லது: மூடாத பகுதி பச்சைநீலமாகி, பின்னர் வெண்கலச் சாயலுள்ள சாம்பல் நிறத்துக்கு வரும்போது எடுத்துவிடலாம். புற ஊதாக் கதிர்கள் கரைசலிலுள்ள இரும்பை வேறு நிலைக்கு மாற்ற, அது ஃபெர்ரிசயனைடுடன் சேர்ந்து நீரில் கரையாத நீல நிறமியாகிறது. செடியின் நிழலில் இருந்த பகுதி மாறாமல் நீரோடு போய்விடுகிறது. முதலில் ஒரு துண்டுத்துணியில் சோதித்துப் பார்த்த பிறகு எல்லோரையும் கூப்பிடுங்கள்.

5. அலசுதல்

குளிர்ந்த நீரில், மஞ்சள் நீர் வருவது நிற்கும்வரை மாற்றி மாற்றி அலசி நிழலில் உலர்த்துங்கள். ஒரு நாளில் நீலம் தானாகவே ஆழமாகும். வந்தவர்கள் அப்போதே பார்க்க விரும்பினால், கடைசி நீரில் 3% ஹைட்ரஜன் பெராக்சைடு சிறிதளவு கலந்தால் நீலம் உடனே ஆழமாகும்.

6. இணைத்தல்

சதுரங்களை அழகுக்காக மாற்றி அடுக்காமல், செடி எடுத்த இடத்தின் வரிசைப்படியே தைத்தால் துணி தெருவின் வரைபடமாகிவிடும். பெயர்களை ஓரத்தில் நூலால் எழுதலாம். ஒரே செடிக்கு இருவர் இருவேறு பெயர் சொன்னால் இரண்டையும் தையுங்கள். ஒன்றும் கிடைக்காத இடத்துக்கு வெறும் நீலச் சதுரத்தை வையுங்கள். அடுத்த பருவத்தில் அங்கே ஏதேனும் முளைத்தால் அதை அதன்மேல் தைத்துக்கொள்ளலாம்.

தைத்த துணியை நேர்வெயில் படாத பொதுவிடத்தில் தொங்கவிடுங்கள். நீலம் வெளிறினால் சில நாட்கள் இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பும். சோடா உப்பும் வெளுப்புப் பொடியும் இந்த நிறத்தை அழித்துவிடும் என்பதால், அழுக்கானால் காரமற்ற மென்மையான சோப்புநீரில் கையால் மட்டும் அலசுங்கள்.