சுவிட்சுகளுக்கு நடுவே சிஆர்சி பிழை: எங்கிருந்து தேடுவது?

இரண்டு சுவிட்சுகளை இணைக்கும் போர்ட்டில் விளக்கு பச்சையாகத்தான் எரிகிறது. ஆனால் ஃபைல் நகலெடுத்தால் ஊர்கிறது, பிங் நடுநடுவே விடுபடுகிறது. கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்க்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். சுவிட்ச் ஒவ்வொரு போர்ட்டிலும் பிழைகளை எண்ணிவைக்கும் கவுன்ட்டர்கள் என்ன சொல்கின்றன, குறிப்பாக சிஆர்சி (டேட்டா வழியில் கெட்டுப்போனதைக் காட்டும் பிழை) ஏறுகிறதா என்று முதலில் பார்ப்போம். சிஸ்கோவை வைத்துச் சொல்கிறேன். மற்ற சுவிட்சுகளில் கட்டளைதான் மாறும்.

படி 1: பழைய கணக்கை அழியுங்கள்

'ஷோ இன்டர்ஃபேஸஸ்' காட்டும் எண்கள் நேற்று இன்று வந்தவை அல்ல, கடைசியாக அழித்ததிலிருந்தோ ரீபூட் ஆனதிலிருந்தோ சேர்ந்தவை. எப்போதோ யாரோ கேபிளைப் பிடுங்கியதால் வந்த பிழையும் அதில் இருக்கலாம். இரண்டு சுவிட்சிலும் 'கிளியர் கவுன்ட்டர்ஸ்' கொடுத்துவிட்டு, டிராஃபிக் ஓடும் நேரத்தில் மறுபடி பாருங்கள். எண் ஏறினால்தான் வேலை இருக்கிறது.

படி 2: எந்த முனையில் எந்த எண்?

பலர் தடுமாறுவது இங்கேதான். ஒவ்வொரு ஃப்ரேமின் (கேபிளில் போகும் டேட்டாப் பொட்டலம்) கடைசியிலும் 4 பைட் சரிபார்ப்பு எண் உண்டு. அனுப்புபவர் போட்டதும் வாங்குபவர் கணக்கிட்டதும் ஒத்துவராவிட்டால் சிஆர்சி பிழை. அதாவது, இதை எண்ணுவது வாங்கும் முனை. 'அ' சுவிட்சில் எண் ஏறினால், 'ஆ' அனுப்பும் விதம், நடுவில் உள்ள கேபிள், 'அ'வின் போர்ட் மூன்றின் மேலும் சந்தேகப்படுங்கள்.

ஒரு முனையில் சிஆர்சியும் ரன்ட்டும் (64 பைட்டை விடச் சிறிய ஃப்ரேம்கள்), எதிர்முனையில் லேட் கொலிஷனும் (தாமதமாக நடக்கும் மோதல்) தெரிந்தால், அநேகமாக டியூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பி வாங்கினால் ஃபுல், மாறி மாறி என்றால் ஹாஃப்) பொருந்தவில்லை. ஒரு பக்கம் 100 எம்பிபிஎஸ் ஃபுல் என்று கையால் பூட்டி, மறுபக்கத்தை ஆட்டோவில் (இரு முனையும் தாமே பேசி முடிவுசெய்யும் ஆட்டோ நெகோஷியேஷன்) விட்டால் இப்படித்தான் ஆகும்: ஆட்டோ பக்கம் வேகத்தைக் கண்டுபிடித்துவிடும், டியூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாமல் ஹாஃபுக்கு இறங்கிவிடும். இரண்டையும் ஆட்டோவிலேயே விடுங்கள் என்பதே என் கட்சி. காப்பர் கிகாபிட்டில் ஆட்டோ நெகோஷியேஷன் எப்படியும் கட்டாயம்.

படி 3: ஒவ்வொன்றாக மாற்றுங்கள்

முதலில் பேட்ச் கார்டு (சிறிய இணைப்புக் கேபிள்), அதுதான் மலிவு. அப்புறம் போர்ட், அதன்பின் எஸ்எஃப்பி (போர்ட்டில் செருகும் டிரான்ஸீவர்). ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு கவுன்ட்டரை அழித்துப் பாருங்கள். காப்பர் என்றால் மொத்த நீளம் 100 மீட்டருக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபைபர் என்றால் கனெக்டர் முனையைத் துடைத்துவிட்டு, 'ஷோ இன்டர்ஃபேஸஸ் டிரான்ஸீவர்' காட்டும் ரிசீவ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்க மட்டும் கூடாது.

அவுட்புட் டிராப் (அனுப்ப முடியாமல் சுவிட்ச் கைவிட்டவை) மட்டும் ஏறினால் கேபிளைத் தொடாதீர்கள். அது பெரும்பாலும் நெரிசல்.

எல்லாம் மாற்றியும் சிஆர்சி நிற்கவில்லையா? எதிர்முனை கட்-த்ரூ முறையில் அனுப்பும் சுவிட்சா என்று பாருங்கள். அது ஃப்ரேமின் வால் வருவதற்குள் தலையைப் பார்த்தே அனுப்பிவிடும். வேறெங்கோ கெட்ட ஃப்ரேம் உங்கள் லிங்க் வரை வந்து எண்ணப்படும். அப்போது அந்தச் சுவிட்சில் எந்த உள்வரும் போர்ட்டில் சிஆர்சி ஏறுகிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள்.