ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ் வாசிப்பு: எங்கே தொடங்குவது, எங்கே திணறும்

247 எழுத்தையும் ஒப்பித்து முடித்த பிறகுதான் வாசிப்பு என்று பல வீடுகளில் காத்திருக்கிறார்கள். தேவையே இல்லை. க, ட, ண, ப, ம, ர, ல, ழ, கூடவே புள்ளி வைத்தால் எப்படி ஒலிக்கும் என்று தெரிந்தாலே படம், மரம், பழம், கடல், மணல், கண் எல்லாம் வாசித்துவிடலாம், தானே ஒரு சொல்லைப் படித்துவிட்டோம் என்ற சந்தோஷம் சீக்கிரமே கிடைத்துவிட்டால் அடுத்த எழுத்தைப் பிள்ளையே கேட்கும். அப்புறம் துணைக்கால், இகரம், ஈகாரம்: பால், காகம், கிளி, மீன்.

உண்மையான திணறல் கொம்பில்தான். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஓசையோ பின்னால் வருகிறது. அதோடு துணைக்காலும் ரகரமும் அச்சில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால் 'கொடி'யைப் பிள்ளை 'கெரடி' என்று வாசிக்கும். கவனக்குறைவு என்று திட்டாதீர்கள், கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் அது படிக்கிறது. கொம்பையும் காலையும் சிவப்பிலும் நடு எழுத்தைக் கறுப்பிலும் எழுதி, மூன்றையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

அடுத்த சிக்கல் உகரமும் ஊகாரமும். கு, சு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும், ஒன்றை வைத்து எல்லாவற்றையும் ஊகிக்க முடியாது. அதனால் வாரத்துக்கு இரண்டு மூன்று போதும், பூ, முயல், குடம் என்று பிள்ளைக்குத் தெரிந்த சொல்லோடு.

எழுத்துக்கூட்டிப் படித்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவக் கூடாது, இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டும்போது கவனம் முழுக்க எழுத்தில் போய்விடுகிறது, கதை மனதில் நிற்பதில்லை. நீங்கள் விரல் வைத்து ஒருமுறை பேசுவதுபோலப் படியுங்கள், அடுத்து இரண்டு பேரும் சேர்ந்து, கடைசியில் பிள்ளை தனியாக. தடுமாறினால் உடனே எடுத்துக் கொடுக்காமல் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். 'வந்தது' என்று இருப்பதை 'வந்துச்சு' என்று படித்தால் அர்த்தம் புரிந்துவிட்டது, முதலில் சபாஷ் சொல்லுங்கள், பிறகு அச்சில் இருப்பதைக் காட்டலாம்.

தினமும் பத்து நிமிடம் போதும். பிள்ளை களைத்துப்போன நாளில் நீங்கள் படிக்க, அது கேட்கட்டும், அதுவும் பயிற்சிதான்.

புத்தகத்துக்குப் பெரிய செலவு வேண்டாம், பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள், எந்த வகுப்பாக இருந்தாலும் முதல் நிலையில் தொடங்குங்கள். பஸ் பலகையும் கடைப் பலகையும் இருக்கவே இருக்கின்றன.

ஒன்று மட்டும்: புத்தகத்தை எப்போதும் முகத்தோடு ஒட்டிப் பிடிக்கிற பிள்ளையை மேலும் படிக்கச் சொல்வதற்கு முன் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.